சகடமும் சான்றும்

சான்று என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. கண்டதைக் கண்டவாறே உரைக்கும் சாட்சிக்கும் அப்பெயர். அவ்வுரை எழுதப்பெற்ற ஏட்டிற்கும் அப்பெயர். இவ்விரண்டனையும் ஒன்றெனக் கருதி மயங்குவதால் விளையும் இடர் பல. அவற்றுள் ஒன்றை, பழைய சரக்கு வேனை முன்னிறுத்தி ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணாக்கர்க்குச் சக்கரத்தையும் பிரேக்கையும் பற்றிய கவலை என்னையோ என்று நண்பர் சிலர் நகைக்கலாம். சொல்லும் பொருளும் எவ்விடத்துப் பிரிந்து நிற்கின்றனவோ அவ்விடத்தெல்லாம் எமக்கு வேலை உண்டு என்பதே யாம் அவர்க்குக் கூறும் விடை. அன்றியும், எம்மூரில் நிகழ்ந்த ஒன்று இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டிற்று. அதனை இறுதியிற் கூறுவோம்.

சோதனை முறையை அறிதற்கு யாம் தேர்ந்த களம் பிரிட்டன். அந்நாட்டில் ஊர்திகளின் சோதனை முடிவுகள் கணிப்பொறியில் ஏற்றப்பெற்று யாவரும் கட்டணமின்றிக் காணுமாறு வைக்கப்பட்டுள்ளன. ஆதலின், சோதனை எவ்வளவிற்கு நம்பத்தக்கது என்பதை ஊகத்தால் அன்றிப் பதிவுகளைக்கொண்டே ஆராயலாம்.

1956ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அச்சோதனைக்கு வழிவகுத்தது. 1960ஆம் ஆண்டு செப்டம்பரில், எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் என்பார் போக்குவரத்து அமைச்சராயிருந்த காலத்தில், அது தொடங்கிற்று. பத்தாண்டு கடந்த ஊர்திகளே அன்று சோதிக்கப்பட்டன. பிரேக்கு, விளக்கு, திருப்பும் கருவி ஆகிய மூன்றுமே பார்க்கப்பட்டன. தவறிய ஊர்திகளின் தொகை எதிர்பார்த்ததினும் மிகுந்திருக்கவே, அடுத்த ஆண்டிலேயே பத்து ஏழாகக் குறைந்தது; 1967இல் ஏழு மூன்றாயிற்று. 1968இல் டயர் சேர்ந்தது. பின்னர் ஒவ்வொன்றாக உடற்கூடு, புகைபோக்கி, புகையின் அளவு என்பன சேர்ந்தன. போக்குவரத்து அமைச்சின் ஆங்கிலப் பெயரினது முதலெழுத்துக்களால் இச்சோதனை எம்.ஓ.டி. எனப்படும். அப்பெயர் கொண்ட அமைச்சு 1970இல் வேறொரு துறையோடு கலந்து மறைந்தது. பெயருக்குரிய பொருள் மாய்ந்தும் பெயர் மாயாமல் நிற்றல் சொல்லாராய்ச்சி செய்வார்க்குப் புதிதன்று.

மொத்த எடை 3000 கிலோவிற்கு உட்பட்ட வேன்கள் கார்களோடு சேர்த்து நான்காம் வகுப்பில் வைக்கப்பெறும். 3000 முதல் 3500 கிலோ வரையிலான பெரிய வேன்கள் ஏழாம் வகுப்பு. முதற் சோதனையிலேயே தவறுவன கார்களைவிட இவ்வேழாம் வகுப்பிற் பலவாதல் ஆண்டுதோறும் காணப்படும் உண்மை. காரணம் அரிதன்று. காரை உடையவன் அதனைத் தன் குடும்பத்தோடு ஏறிச் செல்லும் பொருளாகக் காண்கின்றான். வேனையோ கோடரியையும் மண்வெட்டியையும் போன்றதொரு கருவியாகவே காண்கின்றான். அதனை ஓட்டுவோன் ஒருவன், உடையோன் வேறொருவன் ஆயின் கேட்கவே வேண்டா.

நம் முன்னோர் பொருள்களை அறியுங் கருவியை அளவை என்றனர். மணிமேகலையின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையில் அளவைகள் பலவாக எண்ணப்படும். அவற்றுள் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் பிற்காலத்து நூல்களில் தலைமை பெற்றன. எம்.ஓ.டி. சோதனையை இம்மூன்றனுள் அடக்கிப் பார்த்தால் அதன் வன்மையும் மென்மையும் தெளிவாகும்.

சோதிப்பவன் கைக்கொள்வது பெரும்பாலும் காண்டல் ஒன்றே. ஊர்தியின் எவ்வுறுப்பையும் கழற்றிப் பார்க்க அவனுக்கு விதியில்லை. மேற்றகடும் பிளாஸ்டிக்கு மூடியும் எவ்விடத்தை மறைக்கின்றனவோ அவ்விடம் அவனுக்கு இல்லாததே. இயந்திரம், கிளட்ச்சு, கியர்ப்பெட்டி என்னும் மூன்றன் நிலைமையும் சோதனைக்குப் புறம்பானவை என அரசே வெளிப்படையாக அறிவித்துள்ளது. பழைய வேனை வாங்குவோன் பெரும்பொருள் இழப்பது இம்மூன்றிலேதான்! கிளட்ச்சு வழுக்கினும், டைமிங் பெல்ட்டு அறுந்துபோகும் தறுவாயில் இருப்பினும், அன்றைய நாளில் ஊர்தி தேறிவிடும். பெல்ட்டு மறுநாள் அறுந்து இயந்திரத்தின் வால்வுகள் வளைந்து போயினும் சான்று பொய்யாகாது. அது இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லையன்றோ?

சான்று கூறுவனவற்றிலும் ஒரு வரையறை உண்டு. பிரேக்கை எடுத்துக்கொள்வோம். சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்தி, உருளைகளைச் சுழற்றி, பிரேக்கு அழுத்தப்படும்பொழுது ஒவ்வொரு சக்கரமும் எத்துணை விசையோடு எதிர்க்கின்றது என்று அளக்கின்றனர். வேன்களுக்கு அவ்விசை மொத்தமாக எடையில் நூற்றுக்கு 50 பங்கேனும், கைப்பிரேக்கின் விசை 16 பங்கேனும் இருத்தல் வேண்டும். எண்ணால் அளக்கப்படுவதாகலின் இதில் ஐயத்திற்கு இடமில்லை என்று தோன்றும். ஆயின் ஒன்றை மறத்தலாகாது. வேன் பெரும்பாலும் வெறுமையாகவே சோதனைக்கு வருகின்றது. சுமையோடு சாலையில் ஓடுகின்றது. பொதியில்லாத வேனின் பின்சக்கரங்கள் எடையின்றி இலேசாயிருத்தலின், சிறிது விசையிலேயே உருளைமேல் இறுகி நின்றுவிடும். அச்சக்கரங்களின் பிரேக்கு ஓராயிரங் கிலோ சுமையைத் தாங்கி இறக்கத்தில் இறங்கும்பொழுது என்ன செய்யும் என்பது அவ்வளவையால் விளங்குவதில்லை. 3500 கிலோவிற்கு மேற்பட்ட பெரிய சரக்குந்துகளில் பெரும்பாலானவற்றிற்குச் சுமையேற்றிய நிலையிலேயே பிரேக்குச் சோதனை நடத்தல் வேண்டுமென 2023 முதல் அந்நாட்டில் விதித்தனர். வேன்களுக்கு அவ்விதி இல்லை. இஃது ஒரு குறையே என்பது எம் கருத்து.

இனி, பழைய வேன்களிற் பெரிதும் காணப்படும் பழுதுகளைப் பார்ப்போம். எண்ணிக்கையில் விளக்குகளின் பழுது மிகுதி. பல்பு ஒன்று அணைதல் அற்பமே, மாற்றினால் தீர்ந்தது. மாற்றிய பல்பும் சில நாளில் அணைந்தும் எரிந்தும் விளையாடுமாயின், பின்கதவின் கீலைப் பார்த்தல் வேண்டும். பொதி வழங்கும் வேனின் பின்கதவு நாளொன்றுக்கு நூறுமுறையேனும் திறந்து மூடப்படும். அக்கீல் வழியே ரப்பர்க் குழாயினுள் செல்லும் ஒயர்கள் மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்து போகும். கைப்பிரேக்கும் அத்தகையதே. வீட்டுக்கு வீடு நிறுத்தி இழுக்கப்படுவதால் அதன் கம்பி நீண்டு தளர்ந்துவிடும். இவ்விரண்டும் வேன் செய்த தொழிலை நமக்கு உரைக்கும் குறிகள். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடிய வேன் என்று விற்பவன் கூறுமிடத்து, கைப்பிரேக்கின் நெம்புகோல் அளவிறந்து மேலேறி வருமாயின் அவன் கூற்றை ஐயுறுதல் தகும்.

டயரில் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைதலாகாது என்பது அங்குள்ள சட்டம். ஆழத்தைக் காட்டிலும் தேய்ந்திருக்கும் இடமே எமக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது. முன்டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பின் குற்றம் டயரினதன்று. சக்கரத்தின் சாய்விலோ, அதனைத் தாங்கும் புஷ், மூட்டுக் குண்டு முதலியவற்றிலோ உள்ளது. புதிய டயரை இட்டுச் சோதனையிற் காட்டினால் தேறும். அப்புதிய டயரும் அவ்விடத்திலேயே தேயும்.

பின்பக்கத்து ஸ்பிரிங்குப் பட்டைகள் சேற்றினுள் மறைந்து கிடப்பன. அளவிற்கு மிஞ்சிய சுமையால் ஒரு பட்டை பிளந்தும், மற்றைப் பட்டைகள் பிடித்துக்கொண்டிருத்தலால் வேன் ஓடிக்கொண்டே இருக்கும். துருவோ அந்நாட்டின் குளிர்காலத்தோடு பிறந்த நோய். பனி உறையாதிருத்தற்பொருட்டுச் சாலைகளில் உப்பைத் தூவுகின்றனர். அவ்வுப்புநீர் அடித்தகட்டையும், பிரேக்கு எண்ணெய் செல்லும் இரும்புக் குழாயையும், கதவின் கீழ்ச்சட்டத்தையும் அரிக்கின்றது. 1995 முதல் 2006 வரை வந்த மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் வேன் உறுதியான இயந்திரத்திற்குப் பேர்பெற்றது; துருவிற்கும் அங்ஙனமே பேர்பெற்றது. இயந்திரம் இன்னும் பல ஆண்டு உழைக்குமெனினும் உடல் உழைக்காது. சோதிப்பவன் ஐயுற்ற இடத்தை ஒரு கருவியால் தட்டியும் அழுத்தியும் பார்ப்பான். கரிய தார்ப்பூச்சைப் புதிதாகத் தடவி வைத்தாலோ, தட்டும் ஒலியும் அடங்கிவிடும். அடிப்பகுதி முழுதும் புத்தம்புதிய கரும்பூச்சோடு விலைக்கு வரும் வேனைக் காண்போர் மகிழ்தலினும் அஞ்சுதலே பொருந்தும்.

டீசல் வேன்களில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிப்பான் ஒன்று உண்டு. நெடுந்தூரம் விரைந்தோடும்பொழுது வெப்பம் ஏறி அக்கரி எரிந்து போகும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வேனில் வெப்பம் ஏறாது, வடிப்பான் அடைபடும். புதியது வாங்கப் பெருஞ்செலவாகலின், சிலர் அதன் உள்ளீட்டைக் குடைந்தெறிந்து வெற்றுக் கூட்டினை மீண்டும் பற்றவைத்துவிடுகின்றனர். வடிப்பான் இல்லாத ஊர்தி தவறும் என்று 2014இல் விதி செய்தனர். ஆயின் கண்ணாற் பார்ப்பவனுக்குக் கூடு தெரியும். கூட்டின் வெறுமை தெரியாது. காண்டலளவையின் எல்லைக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை.

சான்றைத் தருபவர் யாவர் என்பதும் ஆராயத்தக்கது. கிரேட் பிரிட்டனில் வேன்களைச் சோதிப்பவை பெரும்பாலும் தனியார் பட்டறைகள். சோதிக்கும் அப்பட்டறையே பழுதையும் பார்க்கலாம். பழுது மிகுதியாகக் கண்டால் பட்டறைக்கு வருவாய். கண்டும் காணாதிருந்தால் வாடிக்கைக்காரனுக்கு மகிழ்ச்சி. ஒருபுறம் ஆசையும் மறுபுறம் தாட்சணியமும் இழுக்கும் இடத்தில் நின்று சோதிப்பவன் நடுநிலை காத்தல் வேண்டும். பெரும்பாலார் காக்கின்றனர் என்றே நம்புகின்றோம். எனினும் அரசின் முகமை, சோதனை முடிந்த ஊர்திகளுள் சிலவற்றைத் தன் அலுவலரைக் கொண்டு மீண்டும் சோதித்தபொழுது, தேறியது தவறியிருக்க வேண்டும் என்றும், தவறியது தேறியிருக்க வேண்டும் என்றும் முடிவு மாறிய நிகழ்ச்சிகள் உண்டு. ஊர்தி பட்டறைக்கு வாராமலே சான்று எழுதித் தந்து தண்டனை பெற்றாரும் உளர்.

அவ்வாறாயின் அரசே சோதித்தால் என்னையென்று வினவலாம். வட அயர்லாந்தில் அங்ஙனமே செய்கின்றனர். அரசின் நிலையங்கள் சோதிக்கும், பழுது பார்ப்பதில்லை. ஆசைக்கு அங்கு இடமில்லை. ஆனால் 2020 ஜனவரியில், ஊர்திகளைத் தூக்கி நிறுத்தும் அந்நிலையங்களின் 55 ஏற்றிகளுள் 48இல் விரிசலுக்குரிய அடையாளங்கள் காணப்பெற்று, இலகு ஊர்திகளின் சோதனை நின்றுபோயிற்று. பிறர் ஊர்தியின் விரிசலைத் தேடிய கருவியிலேயே விரிசல்! நகைக்கத் தோன்றினும், அதனைக் கண்டுபிடித்தவுடன் மறையாது வெளியிட்டு நிறுத்திய நேர்மையைப் போற்றுகின்றோம்.

ஒரே சாட்சியின் சொல்லைக்கொண்டு வழக்கை முடிக்கலாகாது என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். ஒரு சான்று ஒரு சாட்சி. ஆண்டுதோறும் எழுதப்பெற்ற சான்றுகளை வரிசையாக வைத்து நோக்கினால் சாட்சிகள் பலராகின்றனர்; ஒருவர் மறைத்ததை மற்றொருவர் வெளியிடுகின்றார். காண்டல் தந்த பதிவுகளின்மேல் வாங்குவோன் தன் கருதலளவையைச் செலுத்தவேண்டும். இதனை விளக்க, 2016இல் பதிவான ஒரு வேனை யாமே கற்பித்துக்கொண்டு கூறுவோம்.

2019இல் அது 41,000 மைல் ஓடித் தேறியது. முன்டயரின் உள்விளிம்பு தேய்ந்துள்ளதென ஓர் அறிவுரைக் குறிப்பு மட்டும் உண்டு. 2020இல் 58,000 மைல். பின்விளக்கும் கைப்பிரேக்கும் தவறி, அன்றே செப்பனிடப்பட்டுத் தேறியது. 2021இல் 74,000, பின்புறப் பிரேக்குக் குழாயில் சிறிது துரு என்று குறிப்பு. 2022இல் 90,000, குழாயில் துரு, கீழ்ச்சட்டத்தில் துரு, முன்டயரின் உள்விளிம்பு மீண்டும் தேய்வு. 2023இல் வேறொரு பட்டறை, 91,000, குற்றமும் இல்லை, குறிப்பும் இல்லை. 2024இல் அப்பட்டறையே, 93,000, அதுவே முடிவு. இப்பொழுது விலைக்கு வந்துள்ளது.

கடைசிச் சான்றை மட்டும் பார்ப்பவன் மாசற்ற வேன் என்பான். முழுவதும் பார்ப்பவனுக்கோ கேள்விகள் எழும். துரு தானே ஆறும் புண் அன்று; ஆகவே குழாய் மாற்றப்பட்டிருத்தல் வேண்டும், அன்றேல் மறைக்கப்பட்டிருத்தல் வேண்டும், அன்றேல் புதிய பட்டறை அதனைப் பாராதிருந்திருத்தல் வேண்டும். மாற்றியிருந்தால் பட்டறையின் பணச்சீட்டு இருக்கும், அதனைக் கேட்கலாம். ஆண்டிற்குப் பதினாறாயிரம் மைலுக்குக் குறையாது ஓடிய வேன் திடீரென ஆயிரம் மைல் ஓடியதேன்? நோயுற்ற உரிமையாளன் வீட்டில் நிறுத்தி வைத்திருக்கலாம். மைல்காட்டியைத் திருகியும் இருக்கலாம். டயரின் உள்விளிம்பு இருமுறை தேய்ந்தமையால் சாய்வு திருத்தப்படவே இல்லை என்பது ஏறக்குறைய உறுதி. எரியாத விளக்கோடு சோதனைக்கு வந்தமை பெரும்பிழையன்று. ஆனால் வரும்முன் ஒருமுறை சுற்றிவந்து பார்க்கும் வழக்கமில்லாதவனிடம் இவ்வேன் வளர்ந்தது என்று அது காட்டுகின்றது. எண்ணெய் மாற்றுவதில் மட்டும் அவன் விழிப்பாயிருந்திருப்பான் என்று கருத எமக்கு மனம் வரவில்லை.

2018 மே மாதம் முதல் அங்குக் குற்றங்களை இடருடையன, பெரியன, சிறியன என மூவகையாக்கினர். முன்னைய இரண்டும் ஊர்தியைத் தவறச் செய்யும். சிறியதும் அறிவுரைக் குறிப்பும் செய்யா. வாங்குவோர் தவறியவற்றையே அஞ்சுகின்றனர். எம் எண்ணத்தில், தவறிய பழுது பெரும்பாலும் செப்பனிடப்பெற்றே தீரும். செய்தாலன்றிச் சான்று கிடையாது. குறிப்போ யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே மூன்றாண்டு தொடர்ந்து வரும் குறிப்பே ஒரு முறை தவறியதினும் நுணுகி நோக்கற்குரியது.

நம் நாட்டிற்கு வருவோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 56ஆம் பிரிவின்படி, வாடகைக்கும் சரக்கிற்கும் ஓடும் ஊர்திகள் தகுதிச் சான்று பெறல் வேண்டும். மக்கள் வழக்கில் இஃது எஃப்.சி. எனப்படும். ஊர்தி எட்டாண்டு எய்தும்வரை ஈராண்டிற்கொருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். எஃப்.சி.க்கு விடுமுன் வேனுக்கு வண்ணம் பூசுதல் நம்மவர் வழக்கம். நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் கழற்றித் தருவாரும் உண்டெனக் கேட்டிருக்கின்றோம். கருவிகளாலேயே சோதிக்கும் தானியங்கி நிலையங்களுக்கு 2021இல் விதிகள் வெளிவந்தன. அந்நிலையங்கள் பழுது பார்த்தலும் வண்டி விற்றலும் கூடா என்பது அவ்விதிகளுள் ஒன்று. பிரிட்டனின் ஏற்பாட்டினும் இது மேலானதென்போம். அச்சோதனையைக் கட்டாயமாக்கும் நாளைத்தான் பன்முறை தள்ளி வைத்தனர். வாகனப் பதிவைக் காட்டும் அரசின் செயலியில் தகுதி எந்நாள்வரை செல்லும் என்று யாவரும் காணலாம். ஆனால் அந்நாள் மட்டும் போதாது. நிலையத்தார் தந்த சோதனைத் தாளையும், முன்னைத் தாள்களையும் விற்பவனிடம் கேட்டு வாங்கிப் பார்த்தல் வேண்டும்.

எம்மூர்ப் பூ வியாபாரி ஒருவர் அத்தாள்களைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவர்க்குச் சொல்வாரும் இலர். மகளின் படிப்பிற்கென வைத்திருந்த பணத்தையும் சேர்த்து, ஒன்பதாண்டு ஓடிய சிறு வேன் ஒன்றை வாங்கினார். எஃப்.சி. புதுப்பித்து எட்டு நாளே ஆகியிருந்தது, வண்ணமும் புதிது. ஆறாவது வாரத்தில், விடியற்காலை, மூட்டைகளோடு சந்தைக்குச் செல்லும் வழியில் பின்புறத்து ஸ்பிரிங்குப் பட்டை முறிந்து வேன் ஒருபுறம் சாய்ந்து வாய்க்காலில் இறங்கிற்று. அவருடைய இடக்கால் முறிந்தது. எதிரே மிதிவண்டியில் வந்துகொண்டிருந்த சிறுவன் ஒருவன் தப்பியது கர்த்தருடைய கிருபை.

முறிந்த பட்டையைப் பட்டறைக்காரர் எமக்குக் காட்டினார். முறிவின் முகம் இருநிறமாயிருந்தது. ஒரு பாதி வெள்ளிபோல் பளபளத்தது. அன்று காலை முறிந்தது அது. மறுபாதி கரும்பழுப்பாய்த் துருவேறிக் கிடந்தது. அத்துரு ஏறச் சில திங்களேனும் ஆகியிருக்கும் என்றார் அவர். துருவேறிய அப்பாதியின் விளிம்பில், எஃப்.சி.க்கென்று பூசிய வண்ணம் ஒரு கோடாக உள்ளே கசிந்து உலர்ந்திருந்தது.